ப்ரிபோசிஷன் சார்

ப்ரிபோசிஷன் சார் என்பது ஓர் ஆளின் பெயரல்ல, ஓர் இனத்தின் பெயர். இங்கிலீஷில் பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். நடுவில் கிடக்கும் இன், ஆன், அட், அப், ஆஃப் போன்ற பொடிச் சொற்களைக் காப்பாற்ற மட்டும் ஊருக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது இந்த இனத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. சின்ன ஊரென்றால் ஒருவர் இருப்பார். கொஞ்சம் பெரிய ஊரில் இருவர் இருப்பார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. ‘டிஃபரன்ட் ஃப்ரம்’ சரியா, ‘டிஃபரன்ட் டு’ சரியா என்று என்றைக்கோ கிளம்பிய சண்டை அது. இரு வீட்டுக் கல்யாணங்களைத் தாண்டியும் நீடிக்கும்.

இருப்பிடம்

காரமடை இந்த இனத்துக்குத் தோதான ஊர். கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873-இல் ரயில் விட்டதிலிருந்து, ஊட்டிக்கு ஏறிய இங்கிலீஷ் எல்லாம் இந்த ஊர் வழியாகத்தான் போயிற்று. போகிற போக்கில் கொஞ்சம் சிந்திவிட்டும் போயிற்று. வாடகைக்குக் கார் கேட்டால், “அப் அண்ட் டவுனுங்களா, ஒன் வேங்களா?” என்றுதான் இன்றைக்கும் பதில் வரும். பிரிட்டிஷ் ரயில்வேயில் லண்டனை நோக்கிப் போகும் வண்டி அப், லண்டனை விட்டு விலகும் வண்டி டவுன்; மேடு பள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த விளக்கத்தைக் கார் டிரைவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் சாருக்கு வெயில் ஏறிவிடும். டிரைவர் இரண்டையும் சேர்த்து ஒரே வாடகையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

2021-இல் ஊர் நகராட்சி ஆனது. பெயர்ப்பலகைகள் பெருகின. மாசி மகத் தேர் வந்தால் அரங்கநாதர் கோயில் வீதிகளில் ஃப்ளெக்ஸ் இல்லாத கம்பம் கிடையாது. சார் இந்த நாட்களில் கோயிலைச் சுற்றி வருவதைப் பார்ப்பவர்கள் பிரதட்சணம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவர் பார்வை கோபுரத்தில் இருக்காது. ‘வார்ம்லி வெல்கம்ஸ் யூ ஃபார் தி கார் ஃபெஸ்டிவல்’ என்பதில் ‘ஃபார்’ எப்படி நுழைந்தது, ‘டு’ எங்கே போனது என்பதில்தான் இருக்கும்.

மற்ற நாட்களில் காலை ஏழு முதல் ஒன்பது வரை பேக்கரி. கொங்கு நாட்டில் டீக்கடை வேலையைப் பெரும்பாலும் பேக்கரிதான் பார்க்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன், முன்னால் பாய்லர், ஓரத்தில் பெஞ்சு. அந்தப் பெஞ்சின் இடக்கோடி சாருடையது.

தோற்றம்

வெள்ளை அரைக்கைச் சட்டை. பாக்கெட்டில் இரண்டு பேனா: நீலம் தனக்கு, சிவப்பு பிறருக்கு. துணிப்பையில் அன்றைய ‘தி ஹிந்து’வும் அட்டை போட்ட ரென் அண்ட் மார்ட்டினும் இருக்கும். அந்த இலக்கணப் புத்தகத்தை எழுதியவர்களில் ஒருவரான பி.சி. ரென், இந்தியாவில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். பிரெஞ்சு அந்நியப் படையை வைத்து 1924-இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதிப் புகழ்பெற்றவரும் அவரே. சார் அந்த நாவலைப் படித்ததில்லை. அதில் எந்தச் சொல்லுக்கு எந்த ப்ரிபோசிஷன் என்ற பட்டியல் கிடையாது.

கோட்பாடு

சாரின் பாடம் எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கும்: அப், டவுன், இன், ஆன், ஆஃப், ஓவர் ஆகிய சொற்களுக்கு இரண்டு வேலை. பின்னால் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது ப்ரிபோசிஷன். வினையோடு ஒட்டிக்கொண்டு அதன் பொருளையே திருப்பிப் போட்டால் அட்வெர்ப். ‘ஹி ரான் அப் தி ஹில்’ என்றால் ஒருவன் குருந்தமலைப் படியில் ஓடி ஏறுகிறான். ‘ஹி ரான் அப் எ பில்’ என்றால் அதே ஆள் பேக்கரியில் பாக்கி வைத்திருக்கிறான். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி வாக்கியம். பெயருக்குப் பதிலாக ‘இட்’ என்று போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மலைக்கு ‘ரான் அப் இட்’. பாக்கிக்கு ‘ரான் இட் அப்’. பெயரை விட்டு நகர மாட்டேன் என்று முன்னாலேயே நிற்பது ப்ரிபோசிஷன், ‘இட்’டுக்கு வழிவிட்டு ஒதுங்குவது அட்வெர்ப். இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்ட மாணவன் பிளஸ் டூ ஆங்கிலத்தில் தேறிவிடுவான் என்று சார் உத்தரவாதம் தருவார். பாக்கி வைத்தவர் யார் என்று பேக்கரிக்காரருக்குத் தெரியும்.

அடுத்த பாடம் இரண்டும் சேர்ந்து வரும் கூட்டணி. ‘புட் அப் வித்’ என்பதில் புட் வினை, அப் அட்வெர்ப், வித் ப்ரிபோசிஷன். மூன்றையும் தனித்தனியாக அகராதியில் பார்த்தால் ‘வை’, ‘மேலே’, ‘உடன்’ என்று வரும். சேர்த்தால் பொறுத்துக்கொள் என்று பொருள். ரன் அவுட் ஆஃப் என்றால் தீர்ந்துபோதல், கெட் அவே வித் என்றால் தப்பு செய்துவிட்டு மாட்டாமல் இருத்தல், லுக் டவுன் ஆன் என்றால் இளக்காரமாக நினைத்தல். இந்த வரிசையில் சாரின் ரத்தக் கொதிப்பை ஏற்றுவது ‘லுக் ஃபார்வர்ட் டு’. கடைசி ‘டு’ ப்ரிபோசிஷன் என்பதால் அடுத்து ‘மீட்டிங் யூ’ என்றுதான் வர வேண்டும். ஊரில் எழுதப்படும் வேலை விண்ணப்பங்களில் எல்லாம் ‘மீட் யூ’ என்றே இருக்கும். அந்த விண்ணப்பத்துக்கு வேலை கிடைத்துவிட்டால் சார் ஒரு வாரம் பேச மாட்டார்.

வினையே இல்லாமலும் இந்தக் கூட்டணி நடக்கும். அப் இன் ஊட்டி, டவுன் அட் தி ஸ்டேஷன், ஓவர் பை தி டெம்பிள். முதலில் வரும் அட்வெர்ப் எந்தப் பக்கம் என்று கை காட்டும். அடுத்து வரும் ப்ரிபோசிஷன் இடத்தைக் குறித்துக் கொடுக்கும். இது இங்கிலீஷ்காரன் மட்டுமே கண்டுபிடித்த நுட்பம் என்று சார் உறுதியாகச் சொல்வார். சொல்லி முடித்த கையோடு, வழி கேட்கும் ஆளிடம், “அக்கட்டால போனீங்கன்னா, கோயலுக்கு வடக்கால, தேர்முட்டிக்குப் பக்கத்துல இருக்குதுங்” என்பார். முதலில் திசை, பிறகு இடம். தன் வாயில் நாள் முழுக்க ஓடும் இந்த ஏற்பாடு சாரின் கண்ணில் பட்டதாகத் தகவல் இல்லை.

உட்பிரிவுகள்

இந்த இனத்தில் மூன்று பிரிவுகள் உண்டு.

முதலாவது, களை எடுப்பவர். மற்றவர்கள் அதிகமாகப் போட்டதைப் பிடுங்குவது இவர் தொழில். ‘டிஸ்கஸ் அபவுட்’டில் அபவுட் கூடாது. ‘ரிட்டர்ன் பேக்’கில் பேக் கூடாது. ‘கோப் அப் வித்’தில் அப் கூடாது. இவை எங்கிருந்து முளைக்கின்றன என்பதும் இவருக்குத் தெரியும். தமிழில் ‘அதைப் பற்றி’ப் பேசிப் பழகியவர், ‘டாக் அபவுட்’ இருப்பதையும் பார்த்துவிட்டு, டிஸ்கஸுக்கும் ஓர் அபவுட்டைக் கட்டிவிடுகிறார். கீப் அப் வித்தும் புட் அப் வித்தும் இருக்கும்போது கோப் மட்டும் அப் இல்லாமல் அனாதையாக நிற்பானேன் என்று ஊர் இரக்கப்படுகிறது.

இரண்டாவது, நாற்று நடுபவர். விட்டுப்போனதைச் செருகுவது இவர் வேலை. ‘எக்ஸ்ப்ளைன் மீ’ என்றால் ‘டு மீ’. ‘லிசன் மீ’ என்றால் ‘டு மீ’. “ஸ்டேஷன்ல பிக் மீ” என்று வாட்ஸாப்பில் செய்தி வந்தால், “அப்” என்று ஒரே சொல்லில் பதில் போடுவார். அனுப்பிய மருமகன் ரயிலில் ஏறச் சொல்கிறார் போலிருக்கிறது என்று மறுபடி ஏறிவிட்ட சம்பவங்கள் இந்தப் பிரிவினர் வீடுகளில் நடக்கக்கூடியவை.

மூன்றாவது, வால் பிடிப்பவர். வாக்கியம் ப்ரிபோசிஷனில் முடியக் கூடாது என்பது இவர் கொள்கை. 1672-இல் ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர், தனக்கு முந்தைய பென் ஜான்சன் வாக்கியங்களை அப்படி முடித்தது பிழை என்று எழுதியதிலிருந்து கிளம்பிய வியாதி இது. 1926-இல் ஃபவுலர் என்ற ஆங்கில மரபு வல்லுநர் இது வெறும் மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டார். அந்தச் செய்தி வால் பிடிப்பவரை எட்டவில்லை. “வேர் ஆர் யூ ஃப்ரம்?” என்று கேட்டால் ‘ஃப்ரம்’ கடைசியில் வந்த துக்கத்தில் ஊர்ப் பெயரைச் சொல்ல மறந்துவிடுவார்.

பழக்கவழக்கங்கள்

இந்த இனம் திருத்தாமல் உரையாடாது. பேக்கரி மாஸ்டர் பாய்லரைத் திறந்து, டீத்தூள் வடிகட்டியை உதறியபடியே சந்தோஷமாகச் சொல்வார்:

“சார், பையன் இந்த வருசம் பாஸ் அவுட் ஆயிட்டானுங்.”

“பாஸ் அவுட்டுன்னா மயக்கம் போட்டு விழுகறதுங். காலேஜ் முடிச்சதுக்கு கிராஜுவேட்டட் ஃப்ரம்னு சொல்லோணும்.”

“ரிசல்ட் பாத்ததும் மயக்கமும் போட்டு உளுந்தானுங் சார்.”

இந்த இடத்தில் மாஸ்டர் இலக்கணப்படி சரியாகிவிடுவதால் சாருக்கு மேற்கொண்டு பேச வழியிருக்காது. டீயை ஆற்றாமலே குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார்.

பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ ஆவதையும் அவர் ஒப்புவதில்லை. பஸ், ரயிலென்றால் கெட் ஆஃப். காரென்றால் கெட் அவுட் ஆஃப். விதி சரிதான். அதை நம்பி மனப்பாடம் செய்யும் கார் டிரைவர், விமானத்தில் வந்து இறங்கிய விருந்தாளியை ஊர் வரை பத்திரமாகக் கொண்டுவந்து, கதவைத் திறந்து, பணிவாகக் குனிந்து, “சார், கெட் அவுட்” என்பார். மீதி பதற்றத்தில் மறந்திருக்கும். டிப்ஸும் அத்தோடு போய்விடும்.

சாருக்கு முழுத் திருப்தி தரும் இங்கிலீஷ் வாக்கியம் தமிழ்நாட்டில் ஒன்றே ஒன்றுதான்: லீவ் லெட்டரில் வரும் ‘ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’. தலைமுறை தலைமுறையாக எந்தப் பையனும் இந்த ‘ஃப்ரம்’மைத் தப்பாக எழுதியதில்லை. காய்ச்சல் பொய்யாக இருக்கலாம், ப்ரிபோசிஷன் பொய்த்ததே கிடையாது.

இவ்வளவு தெரிந்தவர் இங்கிலீஷில் பேசுவது அரிது. வாக்கியம் தொடங்கும், பெயர் வரும், வினை வரும், அடுத்து இன்னா, ஆனா, அட்டா என்று ஒரு நிறுத்தம் வரும். அந்த நிறுத்தத்தில் எதிராளி தமிழுக்கு மாறிவிடுவார். வெளிமாநில லாரி ஒன்று கறிவேப்பிலை லோடுக்காக வந்து, பேக்கரி முன்னால் நிறுத்தி, வெள்ளியங்காட்டுக்கு வழி கேட்டால் என்ன நடக்கும் என்பது இதற்கு நல்ல உதாரணம். சார் எழுந்து நிற்பார். ‘கோ அலாங் திஸ் ரோடு’ என்பதா, ‘டவுன் திஸ் ரோடு’ என்பதா என்று ஒரு கணம் யோசிப்பார். ரோடு மேட்டை நோக்கிப் போவதால் டவுன் பொருந்துமா என்று இன்னொரு கணம். அதற்குள் டம்ளர் கழுவிக்கொண்டிருக்கும் பையன் ஈரக்கையை டிராயரில் துடைத்துக்கொண்டு ஓடிவருவான்: “வண்டி பேக்! டர்னிங் இன்! தென் ஸ்ட்ரெய்ட், ஸ்ட்ரெய்ட்! மலை கமிங், ஸ்டாப்!” லாரி போய்ச் சேர்ந்துவிடும். பையன் பேச்சில் ப்ரிபோசிஷன் ஒன்றுகூட இருக்காது. பேக், இன், ஸ்ட்ரெய்ட் என்று எல்லாமே அட்வெர்ப். மிச்சத்தைக் கை பார்த்துக்கொண்டது.

ஊரின் நிலை

சார் காவல் காக்கும் பொருளை ஊர் எப்போதோ வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. மோட்டார் ரூமில் ஆன், ஆஃப். மாதாந்திரப் பராமரிப்புக்கு பவர் ஷட் டவுன். நடு ரோட்டில் பஸ் பிரேக் டவுன். மாப்பிள்ளை வீட்டார் பில்டப், நாடகத்தில் கெட்டப், ஆஸ்பத்திரியில் செக்கப், ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் அவுட். இன்ஜினீயரிங் சேர்க்கும் பெற்றோருக்கு 200-க்கு எவ்வளவு கட் ஆஃப் என்பது தூக்கத்திலும் வரும். கண்டக்டரின் ‘ஹோல்டான்’ கூட ‘ஹோல்ட் ஆன்’தான்; அதைக் கேட்டு பஸ்ஸை நிறுத்தாத டிரைவர் இல்லை. இங்கிலீஷே தெரியாது என்று சொல்லும் ஆயா, “டீவிய ஆஃப் பண்ணு கண்ணு” என்பதில் பிழை கண்டுபிடிக்க முடியாது. வினைக்குத் தமிழ்ப் ‘பண்ணு’, திசைக்கு இங்கிலீஷ் ‘ஆஃப்’. ‘ஸ்விட்ச்’ என்ற சொல் மட்டும் வழியில் இறங்கிக்கொண்டது.

இந்தக் காரியம் இவ்வளவு சுலபமாக நடந்ததற்குக் காரணம், அப்பும் ஆஃப்பும் செய்கிற வேலையைத் தமிழில் துணைவினைகள் காலங்காலமாகச் செய்துவருகின்றன. இங்கிலீஷில் ‘புட்’ என்ற ஒன்றை வைத்துக்கொண்டு புட் ஆன், புட் ஆஃப், புட் அவுட் என்று குடும்பம் நடத்துகிறார்கள். தமிழில் ‘போடு’. போட்டுக்கொண்டால் சட்டை, போட்டுப் பார்த்தால் அளவு சரியா என்ற சோதனை, போட்டுக்கொடுத்தால் காட்டிக்கொடுத்தல், போட்டுத்தள்ளினால் போலீஸ் கேஸ். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகூட மாற்றிச் சொல்லாது. சாப்பிடு என்பது ஈட், சாப்பிட்டு முடி என்பது ஈட் அப். போ என்பது கோ, போய்த் தொலை என்பது கோ அவே. ‘புட் அப் வித்’தின் மூன்று சொற்களும் ‘பொறுத்துக்கொள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

வேற்று மொழிக்காரர் இதில் தடுமாறுவதை இங்கிலீஷ்காரர்களே முன்பே உணர்ந்திருந்தார்கள். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையில், வினையோடு பொடிச்சொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வழக்கம்தான் அந்நியருக்குப் பெரிய கஷ்டம் என்று குறிப்பிட்டிருக்கிறார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரோ மிகவும் பிந்தியது. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொன்ன பெயரை, 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் புத்தகத்தில் போட்டுப் பரப்பினார். அதற்கு முன்பே பேசிக்கொண்டிருந்தவர்கள் பெயர் தெரியாமலே பேசினார்கள், காரமடை ஆயாவைப் போல.

இயற்கை எதிரிகள்

களத்தில் ஃப்ளெக்ஸ் டிசைனரும் ஆட்டோ கரெக்ட்டும் சில்லறை எதிரிகள். முழு எதிரி வீட்டுக்குள் இருக்கிறார்: சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பேத்தி. அவர் போனில் பேசுவதைக் கேட்டால், “லூப் இன் பண்ணுங்க”, “ஃபாலோ அப் பண்றேன்”, “ரீச் அவுட் பண்ணுவாங்க” என்று பொடிச்சொற்கள் கட்டவிழ்ந்து ஓடும்.

“ரீச்சுன்னாலே போதும் அம்மிணி, அவுட் எதுக்கு?”

“லண்டன் கிளையன்ட்டே அப்படித்தான் எழுதறாருங் அப்பாரு.”

லண்டன் என்ற சொல் விழுந்ததும் சார் மௌனமாகிவிடுவார். காவலுக்கு வைத்தவர்களே காம்பவுண்டைத் தாண்டிவிட்டால் யாரிடம் புகார் சொல்வது? இந்த இனத்தவர் அன்று சாயங்காலம் பேக்கரிக்கு வருவதில்லை.

பயன்

இத்தனை தொந்தரவுக்கும் சாரால் ஊருக்கு உபகாரம் உண்டு. விசா படிவம், பேங்க் கடிதம், கம்பெனிக்குப் போகும் விண்ணப்பம் எல்லாம் அவர் கைக்கு வந்துதான் வெளியே போகும். ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்பதை ‘ஃபார் டூ இயர்ஸ்’ ஆக்குவார், ‘மேரிட் வித்’ என்பதை ‘மேரிட் டு’ ஆக்குவார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வரிவரியாக விரல் வைத்துப் பார்ப்பதால், தேதி மாறியிருந்தாலும் அப்பா பெயரில் எழுத்து விட்டிருந்தாலும் அதுவும் சேர்ந்து பிடிபடும். இதற்குக் கூலி ஒரு டீ, ஒரு வெஜ் பப்ஸ். பணம் கொடுத்தால் கோபித்துக்கொள்வார். ‘தேங்க்ஸ் ஆஃப் யூ’ என்றால் அதைவிட அதிகமாகக் கோபித்துக்கொள்வார்.

குறை

ஒன்றே ஒன்று. தேர் சமயத்தில் இங்கிலீஷ் ஃப்ளெக்ஸைத் திருத்தச் சொல்லிக் கமிட்டிக்காரர்களிடம் இரண்டு நாள் மன்றாடி, ‘ஃபார்’ மேல் ‘டு’ என்று ஸ்டிக்கர் ஒட்ட வைத்துவிடுவார். அதே ஃப்ளெக்ஸில், இங்கிலீஷுக்கு மேலே, இரண்டடி உயர எழுத்தில் ‘தேர் திருவிழா’ என்று ஒற்று இல்லாமல் நிற்கும். அதை அவர் பார்ப்பதில்லை. அது தமிழ் சார் பார்க்க வேண்டிய வேலை. அப்படி ஓர் இனம் காரமடை பேக்கரி எதிலும் இதுவரை தென்படவில்லை.